எட்டாம் வீட்டுப் புகை

மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கெம்பம்மா அடுத்த அடி எடுத்து வைப்பாள். மத்திகிரியில் மார்கழிப் பனி எதிரே வருகிற ஆளை மறைக்கிற விடியற்காலை. தோளில் கம்பளி, கையில் பால் தூக்கு. முதல் வீட்டு வாசலில் நின்று, "மாவு புளிச்சிடுச்சி, இன்னைக்கி தோசைதான்" என்பாள். யாரிடமும் சொல்வதில்லை, பனியிடம் சொல்வது. மூன்றாம் வீட்டில் ஸ்டவ் திரி கருகுகிறது. ஐந்தாம் வீட்டில் ஓமம் கொதிக்கிறது, அப்படியானால் குழந்தைக்கு வயிறு சரியில்லை. ஒரு கதவும் திறந்திருக்காது. ஆனால் கடைசி வீட்டைத் தாண்டுவதற்குள் எட்டு வீட்டுச் சமாசாரமும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வரிசைக்குக் கெம்பம்மா லைன் என்று பெயர். நிலம் கம்பெனிக்காரர்களுக்குப் போனபோது கிடைத்த பணத்தில் அவள் புருஷன் கட்டிவைத்துவிட்டுக் கண்ணை மூடினான். எட்டு வீட்டுக்கும் ஒரே நீளக் கூரை, ஒரே தண்ணீர்த் தொட்டி. எட்டாம் வீட்டுச் சுவரை ஒட்டி அவளுடைய மாட்டுக் கொட்டகை, அதற்கு அடுத்து அவளுடைய வீடு. குடியிருப்பவர்கள் எல்லாம் கரூர், திண்டுக்கல், அருப்புக்கோட்டை என்று எங்கெங்கிருந்தோ ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். கெம்பம்மா மாட்டோடு கன்னடம் பேசுவாள், கோபம் வந்தால் தெலுங்கு, குடித்தனக்காரர்களிடம் தமிழ். மாட்டுக்குக் கிடைக்கிற மரியாதை மற்ற இரண்டு மொழிக்காரர்களுக்குக் கிடைப்பதில்லை.

வயது நாற்பத்தாறு. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் பதினெட்டு வருஷம் புல் அறுத்தவள். பச்சைத் தீவனத்தை முகர்ந்து பார்த்து, எந்தப் பாத்தியில் அறுத்தது என்று சொல்லுவாள். வீடு கேட்டு வருகிறவர்களை உட்காரச் சொல்லாமல் கொட்டகை ஓரமாக நிறுத்திவைத்துப் பேசுவாள். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டவர்களுக்கு வீடு இல்லை. "வாசனை தாங்காதவங்க மனுசங்கள எப்பிடித் தாங்குவாங்க?" என்பது அவள் கட்சி. இந்தக் கட்சியில் அவளைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது, ஆனால் தோற்றதும் கிடையாது. எண்பத்தொன்பதாம் வருஷம் வரைக்கும்.

வெள்ளைச்சாமி அந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன், முப்பத்து மூன்று வயது, பவுண்டரியில் வேலை. வீடு கேட்க வந்த அன்று அவள் மாடு கவுரியின் தாடைக்கு அடியில் கையை விட்டுச் சொறிந்துகொண்டே பேசினான். எந்த அந்நியனையும் உதைக்கிற கவுரி கழுத்தை நீட்டிக்கொடுத்தது. எட்டாம் வீட்டுச் சாவி அப்போதே கைமாறிவிட்டது. மறு வருஷம் கவுரி கன்று போட முடியாமல் தவித்த மத்தியானத்தில், டாக்டர் வருவதற்குள், மடங்கிக் கிடந்த கன்றின் காலை உள்ளே கைவிட்டு நிமிர்த்தி இழுத்தவன் அவன்தான். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அன்றிலிருந்து கெம்பம்மாவுக்கு அவன் தம்பி. ஊரில் விட்டுவந்த சரஸ்வதி என்ற மனைவியை எப்போது கூட்டி வரப்போகிறான் என்று வாரத்துக்கு ஒரு தரம் கேட்பாள். வருவாக்கா, வருவா என்பான்.

பிறகு பவுண்டரியைப் பூட்டினார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று வெள்ளைச்சாமி கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவான். மூன்று மாதம் கழித்துப் போவதையும் விட்டுவிட்டான். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் தேங்காய்ச் சிரட்டையோடு வந்து நின்றான். கொசு தாங்க முடியவில்லை, புகை போட வேண்டும், இரண்டு கங்கு கொடுங்கள் என்றான். லைனில் எல்லார் வீட்டிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ். விறகடுப்பு எரிவது கெம்பம்மாவிடம் மட்டும்தான். நெருப்பு கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்பக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். நல்ல வேலங்கட்டைத் தணலாகப் பார்த்து எடுத்து, சாம்பலை ஊதிவிட்டுச் சிரட்டையில் போட்டாள்.

சற்று நேரத்தில் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகப் புகை கொட்டகைக்குள் இறங்கியது. கெம்பம்மாவின் கை பால் கறப்பதை நிறுத்தியது. அது அவளுக்குத் தெரிந்த வாசனை. தளிப் பக்கத்து மலையடியில் அவள் அப்பா எருதுகளுக்குச் சளி பிடித்தால் ஒரு இலையைக் கருக்கிப் புகை காட்டுவார். அவர் கம்பளியிலும் அதே வாசனை இருக்கும். அந்தக் கம்பளிக்குள் தூங்கி வளர்ந்தவள் அவள். மாட்டு வைத்தியம் தெரிந்த ஆள், கொசுவுக்கும் அதே இலையைப் போடுகிறான் என்று முடிவுகட்டிவிட்டாள். இப்படி ஒரு முடிவுக்கு வர, மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்த ஒருத்தியால்தான் முடியும்.

அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் வெள்ளைச்சாமி சிரட்டையோடு வருவதும், அவள் தணல் கொடுப்பதும், எட்டாம் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்துவிடுவதும் வழக்கமாகிப் போயின. புகை மெல்ல இறங்கும். கவுரி பாதிக் கண்ணை மூடி அசைபோடும். கம்பெனிச் சங்கு ஊதுவது ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்கும். யூகலிப்டஸ் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் போய்விடும். அந்த இடைவெளியில் அப்பா எருதுகளை ஓட்டிக்கொண்டு வருவார். எருதுகளின் கால் தரையில் படாது, மணி மட்டும் கேட்கும். இன்னும் நாலு அடி வைத்தால் முகம் தெரியும் என்கிற இடத்தில் நின்றுவிடுவார். அவள் கூப்பிட மாட்டாள், கூப்பிட்டால் போய்விடுவார் என்று தெரியும். எழுந்திருக்கும்போது கால் மரத்திருக்கும், மனசு பஞ்சாக இருக்கும். எட்டாம் வீட்டுப் புகை வந்ததிலிருந்து மாடு கால்படி சேர்த்துக் கறக்கிறது என்று பால் வாங்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்கள் வர ஆரம்பித்தது அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து. இரண்டு மூன்று பேராக வருவார்கள், எட்டாம் வீட்டுக்குள் போவார்கள், சின்னப் பொட்டலத்தோடு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பர்கூர் குவாரியில் கல் உடைக்கிறவன் ஒருவன், குருபரப்பள்ளி ரோட்டோர டயர் கடைக்காரன் ஒருவன், லாரி கிளீனர்கள் சிலர். சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாது. தொட்டியில் குடம் வைக்க வருகிற பெண்களைப் பார்த்துப் பாடுவார்கள். தொட்டிச் சுவரிலேயே ஒருவன் மூத்திரம் போனான். நாலாம் வீட்டுக் கொடியில் காய்ந்த புடவை சேற்றில் கிடந்தது. பெண்கள் தண்ணீருக்கு ஜோடியாகப் போக ஆரம்பித்தார்கள், பிறகு புருஷன்மாரை அனுப்பினார்கள்.

கெம்பம்மா போலீசுக்குச் சொல்லிப் பார்த்தாள். ஜீப் வந்தது. ஆனால் பண்ணைச் சாலையில் ஜீப் கிளப்புகிற புழுதி கால் மைலுக்கு முன்னாலேயே தெரியும். வந்து பார்த்தபோது தொட்டி மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

அப்புறம் அவள் தன் வழியில் இறங்கினாள். கவுரியின் முளைக்குச்சியைக் கொட்டகையிலிருந்து பிடுங்கி எட்டாம் வீட்டு வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவே அடித்தாள். மாட்டின் உதை எட்டாத பாதை ஒரு முழம்தான் மிச்சம். அந்த ஒரு முழத்தில் தீவனக்கட்டோடும் அரிவாளோடும் தானே உட்கார்ந்துகொண்டாள். வருகிறவனைத் தடுக்க மாட்டாள். தட்டையை நறுக்கிக்கொண்டே, "எந்த ஊரு?" என்பாள். பதில் வராவிட்டால் "யாவ ஊரு?" என்பாள், அதற்கும் வராவிட்டால் "ஏ ஊரு?" மூன்று மொழியில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டே ஆக வேண்டும். ஊர் தெரிந்ததும், "அப்பா பேரு?"

அந்தக் கேள்விக்குத்தான் ஆட்கள் நெளிந்தார்கள். போதை தலைக்கேறினவனும் அப்பா பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான். கெம்பம்மா மறக்க மாட்டாள். மறுநாள் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டரிடம், பர்கூரில் கரியப்பன் மகன் இங்கே எங்கள் தொட்டி மேல் தினமும் குந்தியிருக்கிறான், உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவாள். மூன்றாம் நாள் கரியப்பனே வந்து இறங்கினார், மகனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். இப்படி நாலு அப்பாக்கள் வந்தார்கள். ஒரு மாதத்தில் தொட்டி காலி. பெண்கள் தனியாகக் குடம் எடுத்துக்கொண்டு போனார்கள். லைன் முழுக்க அவள் பேச்சுதான். கெம்பம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தனை நாளும் சாயங்காலம் தணல் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. கெட்ட சகவாசம் வந்து ஒட்டிக்கொண்டது, பாவம் தம்பி என்ன செய்வான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் நேரத்தை மாற்றிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. விடியற்காலையில் அவள் பால் தூக்கோடு சொசைட்டிக்குப் போகிற அரைமணி நேரத்தில் வந்தார்கள். தை பிறந்த வாரம், ஒரு நாள் பனி ரொம்ப அடர்த்தி. இரண்டாம் வீட்டு ஜோதிமணி முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்பினாள். கரூர்ப் பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி. புருஷன் தங்கதுரை ராத்திரி ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. பாதையில் குறுக்கே ஏதோ மூட்டை கிடக்கிறது என்று அவள் தாண்டப்போனபோது மூட்டையிலிருந்து ஒரு கை நீண்டு அவள் கணுக்காலைப் பிடித்தது. பிடித்தவன் விடாமல் சிரித்தான். பனிக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோதிமணி சுவரைப் பற்றிக்கொண்டதால் விழவில்லை. டிபன் பாக்ஸ் உருண்டு சோறு கொட்டியது.

கெம்பம்மா திரும்பி வந்தபோது ஜோதிமணி வாசற்படியில் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெம்பம்மா தெலுங்கில் ஆரம்பித்தாள். அவன் எந்த ஊர், அவன் அப்பா பேர் என்ன, நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் என்று குதித்தாள். ஜோதிமணி அவளை நிறுத்தினாள்.

"அக்கா, நாங்க ஞாயித்துக்கிழமை காலி பண்றோம். வண்டி சொல்லியாச்சு. இந்த வயித்த வச்சுக்கிட்டு இங்க இருக்க முடியாதுங்க."

இன்னும் நாலு வீடும் கிளம்ப யோசிப்பதாகச் சொன்னாள். ஏன் ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லை என்று கெம்பம்மா கேட்டாள்.

"உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது? அவர் விக்கிறது கஞ்சா. சாயங்காலம் சிலும்பியில வச்சுப் புகைக்கிறதுக்கு நெருப்பு உங்க அடுப்புல இருந்துதான் போவுது. வீட்டுக்காரம்மாவே ஊதிக் குடுக்கறப்ப நாங்க யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

கெம்பம்மா பால் தூக்கைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போடவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது. எட்டு வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்லுகிற மூக்கு இதை மட்டும் எப்படி விட்டது? விடவில்லை. அப்பா கருக்கினதும் அதே இலைதான் என்று அடிமனசில் எங்கோ தெரிந்தே இருந்தது. தெரிந்ததைக் கிட்டே வரவிட்டால் சாயங்காலம் அப்பா வர மாட்டார். அதனால் அதைப் புகைக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தாள். ஒரு பெண் கர்ப்பத்தோடு விழுந்து கிடந்திருப்பாள், இவள் சுவரில் சாய்ந்து சுகமாகத் தூங்குவதற்காக.

அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. மாட்டோடுகூடப் பேசவில்லை.

சாயங்காலம் வெள்ளைச்சாமி வந்தான். கன்னம் ஒட்டி, கண்ணுக்கடியில் கருத்து, ஆனால் எப்போதும்போல மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு சிரட்டையை நீட்டினான். அடுப்பில் சோறு பாதி வேக்காட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. வேலங்கட்டை நன்றாகத் தணல் பிடித்திருந்தது. கெம்பம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். இடுப்பு உயரத்திலிருந்து அப்படியே அடுப்புக்குள் கவிழ்த்தாள்.

அவள் பிறந்த பக்கத்தில் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது சாவு விழுந்த வீட்டில்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அடுப்பு முழுசாக அணைந்ததில்லை, படுக்கப் போகுமுன் சாம்பல் மூடித்தான் வைப்பாள். சீறிக்கொண்டு கிளம்பிய ஆவியில் இரண்டு பேர் முகமும் மறைந்து, பிறகு தெரிந்தது. வெள்ளைச்சாமி பதறிப்போய், என்னக்கா இது, என்னக்கா இது என்றான்.

"நெருப்பு கேட்டு வந்தவங்கள இல்லன்னு அனுப்பி எனக்குப் பழக்கமில்ல, வெள்ளைச்சாமி. அதனால எனக்கே இல்லாம பண்ணிட்டேன்."

அவன் சிரட்டையைக் கீழே இறக்கினான்.

"உன்னைத் திட்டறதுக்கு எனக்கு வாயி இல்ல. ஊதி ஊதிக் குடுத்தது நான். ஆனா அந்தப் பொண்ணு இந்த ஊட்ல பயந்துகினு இருக்கக் கூடாது. நீ இங்க இருக்கற வரைக்கும் அவனுங்க வருவாங்க. நீ போற அன்னிக்கித்தான் இந்த அடுப்பு எரியும்."

அவன் வெறும் சிரட்டையோடு போனான். கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது.

மூன்று நாள் கெம்பம்மா அடுப்பு மூட்டவில்லை. இதில் ஒரு பெரிய தவக்கோலமும் இல்லை. முதல் நாள் மத்தியானமே காப்பிக்கு ஏங்கித் தலைவலி வந்து, தெலுங்கில் எல்லாரையும் ஏசினாள். பச்சைப் பாலைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். குடித்தனக்காரர்கள் தட்டு தட்டாகக் கொண்டுவந்தார்கள். இட்லி, கூட்டு, கருவாட்டுக் குழம்பு. குழம்பின் வாசனை வந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினாள், ஆனால் தொடவில்லை. ஆளுக்கொரு தரம் எட்டாம் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கதவுக்குள்ளிருந்தவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும், ஒரே சுவர்தானே. சாயங்காலம் புகை இறங்கவில்லை. கெம்பம்மா பழக்க தோஷத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். பனி இருந்தது, மாடு இருந்தது, மரங்கள் வழக்கம்போலப் பனிக்குள் போயின. அப்பா வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் வெட்கமும் இருந்தது, ஏக்கமும் இருந்தது, எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது.

இரண்டாம் நாள் ஜோதிமணியைக் கூப்பிட்டு ஒரு இன்லண்டு லெட்டர் எழுதச் சொன்னாள். சரஸ்வதிக்கு. ஜோதிமணி எடுத்த பேனாவைத் திரும்பக் கீழே வைத்தாள். அவனுக்காகத் தன் கையால் எழுதுவதா என்று அவளுக்கு. பிறகு எழுதினாள். உன் புருஷனை அனுப்புகிறேன், உடம்பு கெட்டிருக்கிறது, ஆள் கெட்டவனில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, பணம் காசு கையில் கொடுக்காதே என்று கெம்பம்மா சொன்னதை அப்படியே எழுதினாள். தபால் பெட்டியில் போட்டதும் அவளே.

சனிக்கிழமை, வெயில் ஏறிப் பனி விலகின பத்து மணி சுமாருக்கு எட்டாம் வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைச்சாமி குளித்து, தலைவாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான். வேலையிலிருந்த நாட்களில் வாங்கின தகரப் பெட்டி ஒன்றுதான் அவனிடம் மிச்சம். மற்ற சாமான்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எப்போதோ போய்விட்டன. நேரே இரண்டாம் வீட்டு வாசலுக்குப் போய் நின்றான். உள்ளே ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காகக் கட்டிவைத்த மூட்டைகள் தெரிந்தன. ஜோதிமணி கதவைப் பாதி மூடிக்கொண்டு நின்றாள்.

"தாயி, அவங்ய இனிமே இங்கிட்டு வர மாட்டாங்ய. சொல்லிட்டேன், நான் ஊருக்குப் போறேன்னு. நீங்க போக வேணாம்."

ஜோதிமணி கதவை முழுக்கத் திறக்கவில்லை. மூடவும் இல்லை. அவன் திரும்பி வந்து கெம்பம்மாவிடம் சாவியை நீட்டினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீட்டினான். கெம்பம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். லைன் முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. இப்போது நாலு வார்த்தை சொல்லப்போகிறாள், தமிழிலா தெலுங்கிலா என்பதுதான் தெரியவில்லை என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

வெள்ளைச்சாமி பெட்டியைத் தூக்கக் குனிந்தான். தூக்க முடியாமல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்று நாளாக அவனும் சாப்பிட்டிருக்கவில்லை. கெம்பம்மா அவன் கையை விலக்கினாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டினாள். பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து அவனுக்கு முன்னால் நடந்தாள்.